பிணத்தின் வாயில் வைத்த சில்வண்டு

இணைய ஏலத் தளங்களில் ஹான் காலத்து ஜேட் என்று தேடினால் அடிக்கடி கண்ணில் படுவது ஒரு சில்வண்டு. விரல் நீளம்தான் இருக்கும். முன்னால் புடைத்த இரண்டு கண்கள், முதுகில் நடுவே ஒரு மேடு, இருபுறமும் மடக்கிய சிறகைக் காட்ட நாலைந்து நேர்க்கோடுகள், வேலைப்பாடு அவ்வளவுதான். நல்ல உருப்படியில் கோட்டின் விளிம்பு இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் மழுங்காமல் நகத்தில் தட்டும். விலையையும் நிறத்தையும் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது, அதில் துளை இருக்கிறதா என்பதை. துளை இருந்தால் உயிரோடிருந்த ஒருவர் கோத்து அணிந்தது. துளையே இல்லாமல் நாக்கின் வடிவில் தட்டையாக இருந்தால், இறந்தவரின் வாய்க்குள் நாக்கின் மேல் வைத்துப் புதைப்பதற்கென்றே செய்தது.

ஹான் அரச வம்சத்தின் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) ஜேட் உடலை அழுகவிடாது என்று நம்பினார்கள். மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து, ஒருநாள் மேலே ஏறி வந்து தோல் உரித்துப் பறக்கும் சில்வண்டு மறுபிறப்புக்கு அடையாளம். வசதி படைத்தவர்களின் உடலில் கண், காது, மூக்கு என்று ஒன்பது வாசல்களையும் ஜேட்டால் அடைத்தார்கள்; கைகளில் ஜேட் பன்றியைப் பிடிக்க வைத்தார்கள். ஹெபெய் மாகாணத்தின் மான்செங்கில் 1968இல் திறக்கப்பட்ட லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையில் உடலைப் போர்த்திய ஆடையே ஜேட்தான்: தங்கக் கம்பியால் தைத்த 2,498 சில்லுகள். உடல் மண்ணாகிவிட்டது. ஆடை மிஞ்சியது.

வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, பல நேரம் ஒரே கேள்வி, "அசல்தானா?" என்பது. காசு கொடுப்பவர் ஏமாறாமல் இருக்கப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் துளையில்லாத சில்வண்டுக்கு "அசல்தான்" என்று பதில் வந்தால், யாரோ ஒரு கல்லறையைத் திறந்து ஒரு பிணத்தின் வாயிலிருந்து அதை எடுத்திருக்கிறார்கள் என்பதும் கூடவே உறுதியாகிறது. முறையான அகழாய்வில் எடுத்திருந்தால் அது அருங்காட்சியகத்தில் இருக்கும், செல்பேசித் திரையில் விலைச்சீட்டோடு நிற்காது. நூறு வருடத்துக்கு முன் எடுத்தார்களா, போன மாதம் எடுத்தார்களா என்பதுதான் மிச்சமிருக்கும் ஐயம். அதை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அசலா என்பதும் வாங்கலாமா என்பதும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் சிக்கலே.

கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் குறைவு. எலும்பையும் மரத்தையும் கார்பன் முறையில் காலக்கணிப்பு செய்யலாம். சுட்ட மண்ணுக்கு வேறொரு முறை இருக்கிறது. ஜேட்டுக்கு இரண்டும் உதவாது. ஆய்வுக்கூடத்தில் கல் என்ன கல் என்று சொல்லிவிடுவார்கள். பழைய சீனச் சிற்பங்கள் நெஃப்ரைட். பளீரென்ற பச்சை ஜேடைட் பர்மாவிலிருந்து பெருமளவில் வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று 1863இல் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தமூர். ஆக, ஹான் காலத்துப் பொருள் என்று ஜேடைட்டில் ஒன்று வந்தால் அது புளுகு என்று உடனே தெரிந்துவிடும். கல் சரியாக இருந்து, அதைச் செதுக்கியது எப்போது என்பதில்தான் தகராறு. பிரிட்டிஷ் மியூசியத்தின் மார்கரெட் சாக்ஸும் சக ஆய்வாளர்களும் வெட்டுத் தடங்களைச் சிலிகோனில் அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, மணலும் நீரும் வைத்துத் தேய்த்த தடம் எது, பிற்காலக் கருவிகளின் தடம் எது என்று பிரித்தறியும் வழியைக் காட்டினார்கள். ஏலத்துக்கு வைத்த மூன்று மங்கலான படங்களில் இதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

நேரில் பார்த்தவர்களும் தப்பவில்லை. 2011 தொடக்கத்தில் பெய்ஜிங்கில் ஹான் காலத்தது என்று ஜேட்டால் ஆன ஒப்பனை மேசையும் முக்காலியும் 22 கோடி யுவானுக்கு ஏலம் போயின. ஹான் காலத்துச் சீனர்கள் பாயில் உட்கார்ந்தவர்கள். முக்காலி அவர்கள் வீட்டில் கிடையாது. ஜியாங்சு மாகாணத்தின் பிஜோவில் முந்தைய ஆண்டுதான் செய்தது என்பது பிறகு வெளிவந்தது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு வழக்கு இதைவிட வினோதம். லியூ ஷெங்கினுடையதைப் போன்ற ஜேட் ஆடை ஒன்றைப் பேர்பெற்ற நிபுணர்கள் ஐவர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றபடியே பார்த்து 240 கோடி யுவான் மதிப்பிட்டுக் கையெழுத்திட்டார்கள். அதைக் காட்டி வங்கியில் கடன் வாங்கப்பட்டது. ஆடை புதுசு. நிபுணர்களுக்குக் கட்டணம் மட்டும் அசலாகவே கிடைத்திருந்தது.

அன்ஹூய் மாகாணத்தின் பெங்பு நகரம் பழைய ஜேட்டைப் போலச் செய்வதில் பேர்பெற்றது. அமிலம், சாயம், சூடு எல்லாம் கொடுத்து மண்ணில் கிடந்த கறையை வரவழைப்பார்கள். இது புதுக் கலையும் அல்ல. உயிருள்ள ஆட்டின் தொடையைக் கீறி உள்ளே கல்லை வைத்துத் தைத்து, ரத்தச் சிவப்பு ஏறும்வரை விட்டுவைப்பதாக 19ஆம் நூற்றாண்டின் ஜேட் ரசிகர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். (உண்மையில் சிவப்பு ஏறியதோ இல்லையோ, ஆட்டுக்கு வலித்திருக்கும்.) பழையதைப் போல என்று சொல்லி விற்கிறவரை இந்தக் கைவேலையில் குற்றம் காண ஒன்றுமில்லை.

ஆனால் அப்படிச் சொன்னால் விலை ஏறாதே. காகிதமே இல்லாத பொருளுக்கு ஏன் காகிதம் இல்லை என்று வாங்குகிறவர் கேட்பார். அதற்குப் போலி வியாபாரி கைவசம் வைத்திருக்கும் பதில் கூர்மையானது. ஊரில் சாலை போடும்போது கிடைத்தது, விவசாயி ஒருவர் ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தார், வெளியே சொல்லிவிடாதீர்கள் என்பார். மேலே கொஞ்சம் உலர்ந்த மண்ணும் ஒட்டியிருக்கும். இந்தக் கதை இரண்டு வேலை செய்கிறது. ரசீது இல்லாததற்குக் காரணம் சொல்கிறது, அசல் என்பதற்குச் சாட்சியும் ஆகிறது. பொருள் திருட்டு என்பதே இங்கே தரச் சான்றிதழ்.

இந்தக் கதையை நம்பிக் காசு கொடுத்தவர் கையில் கிடைத்தது பெங்பு சில்வண்டு. எந்தக் கல்லறையும் உடையவில்லை, எந்தப் பிணத்தின் வாயும் திறக்கப்படவில்லை. சட்டப்படி அவர் மோசடிக்கு ஆளானவர். அவர் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது? விளைவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கதையைக் கேட்டபோது அவர் பின்வாங்கவில்லை. கதை கேட்டபின்தான் பணத்தையே எடுத்தார். திருடப்பட்டது என்று நம்பி, அதனாலேயே மகிழ்ந்து வாங்கினார். பொருள் போலியாக அமைந்தது அவர் அதிர்ஷ்டம், அவர் நேர்மை அல்ல. அவரைப் போல ஆயிரம் பேர் தயாராக இருப்பதால்தான் ராத்திரியில் மண்வெட்டியோடு போகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. போலிக்கும் கொள்ளைக்கும் சந்தை ஒன்றுதான்; அந்தச் சந்தையின் விலையை அவரும் சேர்ந்துதான் ஏற்றிவிடுகிறார்.

கொள்ளை என்பது வெறும் வியாபாரக் கதையும் அல்ல. 2015இல் லியாவ்நிங் மாகாணத்தில் ஹாங்ஷான் பண்பாட்டுப் புதைமேடுகளைச் சூறையாடிய கும்பல்களில் 175 பேரைச் சீனக் காவல்துறை பிடித்தது. 1,168 பொருட்கள் மீட்கப்பட்டன. பிடிபட்டவர்களில் தொல்லியலாளர்களும் நான்கு பேர். ஐயாயிரம் ஆண்டுப் பழமையான அந்த மண்ணில்தான் நியூஹெலியாங் என்ற புகழ்பெற்ற இடமும் இருக்கிறது. அங்கே முறையாகத் திறந்த ஒரு கல்லறையில் ஜேட்டில் செதுக்கிய பன்றித்தலை நாகம் இரண்டு மார்பின் மேலும், குளம்பு வடிவக் குழல் தலையின் அடியிலும் கிடந்தன. அந்தக் குழல் எதற்கென்று அதுவரை ஆளுக்கொன்றாகச் சொல்லிவந்தார்கள். தலைமாட்டில் கிடந்ததால்தான் கூந்தலை முடிய உதவியிருக்கலாம் என்ற விளக்கமே பிறந்தது.

கிடந்த இடம் தெரியாமல் போனால் எவ்வளவு பெரிய ஆளும் எப்படித் தடுமாறுவார் என்பதற்குச் சிங் வம்சத்துச் சியன்லோங் பேரரசரே சாட்சி. ஜேட்டின் மேல் அவருக்கு இருந்த மோகம் சொல்லி மாளாது. ஜேட் கிடைக்கும் கோத்தான் பகுதி 1759இல் அவர் ஆட்சிக்குள் வந்ததும் கல் அரண்மனைக்கு மலைமலையாக வந்தது. 1787இல் முடிந்த, யூ மன்னர் வெள்ளத்தை அடக்கும் காட்சி செதுக்கிய ஒற்றைக் கல் சிற்பம் மட்டும் ஏறக்குறைய ஐந்து டன் எடை. அவருடைய சேகரிப்பில் வெளியே சதுரமும் உள்ளே வட்டத் துளையுமான சில பழைய குழல்கள் இருந்தன. ஹான் காலத்துத் தேரின் உறுப்பு என்று முடிவுகட்டி அவற்றின் மேல் தன் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். சிலவற்றில் கவிதை தலைகீழ். அவை தேர் உறுப்பு அல்ல, ஹாங்ஜோ வட்டாரத்து லியாங்ஜு பண்பாட்டின் சடங்குப் பொருட்கள். பேரரசர் நினைத்ததைவிட இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை. 1973இல் சுஜோவுக்கு அருகே சாவ்சியேஷானில் அத்தகைய குழல் லியாங்ஜு மண்பாண்டங்களோடு ஒரே குழியில் கிடைத்த பிறகே இது தெளிவானது. கல்லின் வயதைச் சொன்னது பக்கத்தில் கிடந்த பானை. கள்ளத்தனமாகத் தோண்டுகிறவன் பானையை உடைத்து எறிந்துவிட்டுக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான்.

எதிர்த்தரப்பு வாதங்களையும் ஒதுக்கித் தள்ள முடியாது. பழைய ஜேட்டைச் சேர்ப்பது மேற்கத்திய மோகமென்றோ இணையகால நோயென்றோ சொல்வதற்கில்லை: அன்யாங்கில் 1976இல் கண்டெடுத்த ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் இருந்த 755 ஜேட் பொருட்களில் சில அவர் காலத்துக்கே மிகப் பழையவை. மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒரு பெண் பழைய ஜேட்டை வைத்திருந்திருக்கிறார். அமெரிக்க அருங்காட்சியகங்களின் புகழ்பெற்ற ஜேட் அலமாரிகளும் சுத்தமில்லை; லோயாங் அருகே ஜின்சுன் கல்லறைகள் 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூறையாடப்பட்டபோது வெளிவந்தவை இன்றும் ஹார்வர்டில் இருக்கின்றன. பெரிய இடத்துக்கு ஒரு நியாயம், ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு ஒரு நியாயமா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான். ஆனால் பழைய தப்பு புதிய தப்புக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. ஜின்சுன் குழிகளை இனி மூட முடியாது. இன்னும் திறக்காத குழிகளுக்கு அந்த நிலைமை வரவில்லை.

நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார், என்னிடம் இருந்தாலாவது பத்திரமாக இருக்கும் என்பது அடுத்த வாதம். ஒரே ஒரு பொருளை மட்டும் பார்த்தால் இது சரி போலத் தெரியும். ஆனால் விற்றவருக்குக் கிடைத்த பணம் அடுத்த தோண்டலுக்கு முதலாகிறது. காப்பாற்றியது ஒன்று, அதனால் அழியப்போவது பெயர் தெரியாத இன்னொன்று.

சட்டம் இதில் ஓரளவு கோடு போட்டிருக்கிறது. சீனாவின் 1982 சட்டப்படி மண்ணுக்கடியில் கிடைப்பது அரசின் சொத்து. கலாச்சாரப் பொருட்களின் கள்ளக்கடத்தலுக்கு எதிரான 1970 யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் சீனா 1989இல் சேர்ந்தது. 2007 முதல், 1911க்கு முந்தைய பழம்பொருட்கள் சீனாவைவிட்டு வெளியேறப் பொதுவாகத் தடை. தாங் வம்சம் முடிந்த 907 வரையிலான தொல்பொருட்கள் உள்ளே வர அமெரிக்கா 2009இல் கட்டுப்பாடு விதித்தது. ஃபேஸ்புக்கும் 2020இல் தன் தளத்தில் தொல்பொருள் வியாபாரத்தைத் தடைசெய்தது. ஆகவே ஹான் சில்வண்டு ஒன்றை ஒருவர் மனச்சாட்சியோடு வாங்க வேண்டுமானால், அது 1970க்கு முன்பே சீனாவுக்கு வெளியே இருந்தது என்று காட்டும் பழைய ரசீதோ, ஏலப் பட்டியலோ, படத்தோடு அச்சான கண்காட்சி நூலோ வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கல்லுக்கு வயது சொல்ல முடியாத நிலையில், அசல் என்பதற்கும் இதே காகிதம்தான் சிறந்த சான்று.

காகிதத்தையும் செய்ய முடியும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரியலூர் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போனபோது, இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியதாகக் காட்டும் ஆவணங்கள் பக்காவாக இருந்தன. பொய் என்று தெரிந்து சிலை 2014இல் திரும்பிவந்தது. ஜேட் சந்தையிலும் இதே கதைதான். சீன அரசு ஒருகாலத்தில் ஏற்றுமதிக்கு அனுமதித்த பொருட்களில் ஒட்டிய சிவப்பு அரக்கு முத்திரையையே போலியாக ஒட்டி விற்கிறார்கள். "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்ற ஒற்றை வரி ஆவணமே அல்ல. யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எவரிடம் வாங்கியது என்று கேட்டதும் குரல் மாறும் வியாபாரியிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இன்னும் சங்கடமானது, காகிதம் உண்மையாகவே இருந்து, அதன் முதல் வரியே கொள்ளையாக இருப்பது. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடின. பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆணைப்படி அது எரிக்கப்பட்டது. அங்கிருந்து போன ஜேட் சிற்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி ஏலத்துக்கு வருகின்றன. "கோடை அரண்மனையிலிருந்து" என்ற குறிப்பு விலையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. 1970 என்ற கோடு இவற்றைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பதால் போட்ட கோடு அது. சட்டம் கேட்காததை வாங்குகிறவர் கேட்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

ஜேட்டை விரும்புகிறவருக்குக் கதவு முழுக்க மூடியிருக்கிறது என்று சொல்வது நியாயமாகாது. சிங் காலத்து இடைவார்க் கொக்கி, தூரிகை கழுவும் கிண்ணம், மூக்குப்பொடிக் குப்பி போன்றவை பெரும்பாலும் வீட்டில் புழங்கிய பொருட்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏராளமாக வெளிநாடு போனவை. ஹாங்காங் கடை ஒன்றின் 1960களின் ரசீதோடு வரும் கொக்கி, ரசீது இல்லாத அதே கொக்கியைவிட விலை கூடும், கூடட்டும். அதிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2012 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலிருந்து 18 சீனக் கலைப்பொருட்கள், பெரும்பாலும் ஜேட், களவு போயின. 2016இல் திருடர்களுக்குத் தண்டனை கிடைத்தபோதும் பொருட்கள் கிடைத்திருக்கவில்லை. களவுபோன கலைப்பொருட்களின் பட்டியலை இன்டர்போல் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர், அல்லது தாத்தாவின் பெட்டியில் ஒன்றைக் கண்டெடுத்தவர் என்ன செய்வது? அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உலகம் முழுவதுமிருந்து பல்லாயிரம் பொருட்களைச் சேர்த்துவைத்திருந்த முதியவர் ஒருவர், 2014இல் எஃப்பிஐ அதிகாரிகள் வந்தபோது ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒப்படைத்தார். அவற்றில் 361 பொருட்கள் 2019 பிப்ரவரியில் சீனாவிடம் திரும்பின. ஒற்றைச் சில்வண்டு வைத்திருப்பவரைத் தேடி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அவராகத்தான் படமெடுத்து, எப்போது எவரிடம் என்ன சொல்லி வாங்கினார் என்பதை மறக்கும்முன் எழுதி, அருங்காட்சியகத்துக்கோ தூதரகத்துக்கோ அனுப்ப வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். அதுவரை அதை இணையத்தில் விற்பனைக்குப் போடாமல் வைத்திருக்கலாம்.