சொல்லும் தீர்ப்பும்

தமிழ்த் திரைப்படங்களின் வாயிலாக ‘வில்லன்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் வழக்கிலும் வேரூன்றிவிட்டது. தீயவன் என்பதே அதற்கு இன்று வழங்கும் பொருள். ஆயின் அச்சொல் பிறந்தபோது தீமை எதனையும் சுட்டவில்லை என்பது நோக்கற்பாலது. இலத்தீன் மொழியில் ‘வில்லா’ என்பது நாட்டுப்புறப் பண்ணைவீடு. அப்பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த உழவன் ‘வில்லானுஸ்’ எனப்பட்டான். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அப்பெயர் ஆங்கிலத்தை அடைந்தது. 1086ஆம் ஆண்டு இங்கிலாந்திலே தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில், நாட்டுப்புற மக்களுள் எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவினர் இவர்களே.

நிலமானிய அமைப்பு இறுகியபோது, பிரபுவின் நிலத்தில் ஊதியமின்றி உழைக்கவும், மகளை மணஞ்செய்து கொடுப்பதற்கும் பிரபுவுக்குப் பணஞ்செலுத்தவும் இவ்வுழவர் கடமைப்பட்டனர். அவர்களைக் கீழ்மக்களாகக் கருதிய மேலோர், கீழ்மைக் குணங்களையும் அவர்கள் பெயரிலேயே ஏற்றினர். பலராலும் அறியப்பட்டவன் என்னும் பொருளில் தோன்றிய ‘நோபிள்’ பெருந்தன்மையைக் குறிக்க, உழவனின் பெயர் கயமையைக் குறிக்கலாயிற்று. சமூகநிலையைச் சுட்டிய சொற்கள் இவ்வாறு ஒழுக்கத்தைச் சுட்டுவனவாக மாறுவதைச் சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளிவந்த தமது சொல்லாராய்ச்சி நூலில் விளக்கியுள்ளார். 1381இல் கிளர்ந்தெழுந்த உழவர்கள் பண்ணையடிமை நிலையை ஒழிக்குமாறு கோரினர். இரண்டாம் றிச்சட் மன்னன் அதற்கு உடன்பட்டு, சில வாரங்களுள் அவ்வாக்கை மீட்டுக்கொண்டான். காலப்போக்கில் அந்நிலை மறைந்தது. வசை மட்டும் எஞ்சியது.

அவ்வாறாயின், தோற்றத்திலே அநீதி கலந்த இச்சொல்லைக் கைவிடுதல் வேண்டுமா? அதன் பிற்கால வரலாறு வேறொன்றை உணர்த்துகின்றது. 1600ஆம் ஆண்டளவில் எழுந்த சேக்சுபியரின் ‘ஹம்லெற்’ நாடகத்திலே, இளவரசன் இச்சொல்லால் இகழ்வது அரியணையில் வீற்றிருக்கும் மன்னனையே. உடன்பிறந்தானைக் கொன்று முடிசூடியவன் அம்மன்னன். உழவனைத் தாழ்த்திய சொல் அரசனையும் தீர்ப்புக்கு உட்படுத்தியது. பிறப்பை விட்டு நீங்கிச் செயலைப் பற்றிய பின்னரே அது அறத்தின் பாற்பட்டதாயிற்று எனலாம்.

எனவே, ஒரு சொல்லின் தோற்றம் அதனை இன்று வழங்குவோரைக் குற்றவாளிகளாக்குவதில்லை. எனினும் பழைய மனப்பாங்கு சொல்லோடு மாத்திரம் ஒழிந்துவிடுவதும் இல்லை. ஒருவனை இழித்துரைப்பவன், அவன் செய்தது யாது என்னும் வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவன். அவ்விடை இல்லாதவிடத்து, அறத்தின் பெயரால் அவன் பேசுவது தன் மேட்டிமையையேயன்றி வேறன்று.