பெயர் தெரியாத சாமி

உத்தமபாளையத்தில் திருக்குணகிரி என்னும் பாறையைப் பார்க்க நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பாம்புப் படத்தின் கீழ்ப் பார்சுவநாதர். பக்கத்தில் வட்டெழுத்துகள், அச்சணந்தி முனிவரின் பெயரும் அவற்றுள் உண்டு. எல்லாம் 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. ஆனால் ஊரார் அதைக் கருப்பண்ணசாமி பாறை என்றுதான் சொல்லுகிறார்கள். காவல் தெய்வத்தின் கோயில் அங்கேயே இருக்கிறது.

நண்பருக்குப் பொறுக்கவில்லை. "கொல்லாமையைப் போதித்தவர் எங்கே, அரிவாள் ஏந்திய கருப்பர் எங்கே! இரண்டையும் பிரித்து வைப்பதுதான் நியாயம்" என்றார். நானும் தலையசைத்தேன்.

அப்போது கருப்பரைக் கும்பிட்டு வந்த ஒரு மூதாட்டி, சிற்பங்களுக்கு நேரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது என்ன சாமி, அம்மா?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாதுப்பா. நமக்கு முந்தியே வந்து உக்காந்திருக்காரு. கும்பிடாமப் போகலாமா?"

திரும்பும் வழியில் ஜப்பான் நினைவு வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து புத்தர் அங்கே போனபோது, மலையிலும் மரத்திலும் 'காமி' என்ற பழைய தெய்வங்கள் குடியிருந்தன. முதலில் பூசல் எழாமல் இல்லை. பிறகு இரண்டும் கூடி வாழப் பழகின. நாரா நகரில் பெரும் புத்தர் உருவானபோது, அதைக் காக்க ஹச்சிமான் என்ற தெய்வம் 749-இல் உஸாவிலிருந்து எழுந்தருளியதாம். 752-இல் அந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் நம் நாட்டுத் துறவி போதிசேனர். இப்படி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒட்டியிருந்ததை 1868-இல் அரசாங்கம் ஓர் ஆணையால் பிரித்தது. தூய்மை வேண்டுமென்றார்கள். எத்தனையோ புத்தர் சிலைகள் உடைந்தன, விகாரைகள் பாழாயின. என் தலையசைப்பு எந்தப் பக்கம் சேரும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆனாலும் மூதாட்டியின் கும்பிடு மட்டும் போதும் என்று மனம் ஒப்பவில்லை. அந்தத் தீர்த்தங்கரர்களைப் பெயர் சொல்லி வழிபட்டவர்கள் அந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டு, "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லுவது, இருப்பவனுக்குச் சுலபம். இல்லாமற் போனவனுக்கு அது நியாயமாகுமா? பெயரைக் காப்பது படித்தவன் கடமை. அதற்காகப் பிறர் கும்பிடுகிற இடத்திலிருந்து எதையும் பெயர்க்க வேண்டியதில்லை.

பார்சுவநாதரின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. மூதாட்டியிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவர் முன் நான் செருப்புக் காலோடு நின்றிருந்தேன் என்பதும் வீட்டு வாசலில் அதைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.