ஆபாசம் எது?

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் தந்த எழுத்தாளர், 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன். கரிசல் மக்களின் பாலியற் கதைகளைத் திரட்டி, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என நூலாக்கினார். "ஆபாசம்!" என்றனர் சிலர். தேரிலும் கோபுரத்திலும் கலவிச் சிற்பங்களைக் கண்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கைகள், களத்துமேட்டில் உழவன் சொன்ன கதைக்குக் காதைப் பொத்துவதேன்? கல்லில் வடித்தால் கலை, கரிசல்காட்டான் சொன்னால் கசடா?

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி உண்டு, தோழர்களே! 'கம்பரச'த்தை வரவேற்ற நாம் இதைப் பாராட்டலாமா? பாராட்டலாம். அண்ணா சாடியது, காமச்சுவை பக்தியென்று பரப்பப்பட்டதை. கி.ரா. தொகுத்த கதைகளோ கற்பூரம் கேட்கவில்லை. காமத்தைக் காமமென்றே கூறின. ஆயினும், அவற்றுள் பெண்ணை ஏளனப் பொருளாக்கும் கதை வருமானால் நான் சிரிக்க மறுப்பேன். உடலைப் பேசியதற்காக அன்று. ஒருத்தியின் தன்மானத்தை நம் சிரிப்புக்கு விலையாக்கியதற்காக.