கண்ணாடிக்கு ஒரு கயிறு

சென்னையை அடுத்த கோவளத்தில், கயாக்கைத் தண்ணீரில் தள்ளும் முன் கற்றுக்கொடுக்கிற தம்பி பார்த்தது என் தோளையோ கையையோ அல்ல, மூக்குக் கண்ணாடியை. வலை நூல் ஒரு முழம் எடுத்து இரண்டு பக்கக் கம்பியிலும் முடிச்சுப் போட்டுப் பின்மண்டையில் இறுக்கினான். "உள்ள விழுந்துட்டா கண்ணாடிய வெச்சு என்னத்த சார் பாக்கப் போறீங்க? மேல வந்தாதான் வேணும்."

என் பவர் மைனஸ் 5. கண்ணாடி இல்லையென்றால் ஒரு சாணுக்கு அப்பால் உலகம் புகைமூட்டம். காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு கடலில் இறங்கக் கூடாதென்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கும் கண்ணுக்கும் நடுவே கிருமி தங்கினால் பார்வைக்கே ஆபத்தாம். ஆகவே கயிறு.

தம்பி சொன்னதில் விஷயம் இருக்கிறது. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 40-க்கு மேல் கருவிழியின் வளைவு தருவது, அதுவும் எதிரே காற்று இருக்கும்வரை. தண்ணீர் வந்து ஒட்டிக்கொண்டால் அந்த 40-ம் கிட்டத்தட்டக் கரைந்துபோகும். கண்ணாடியே போடாத கூர்மையான கண்ணுக்கும் அங்கே எல்லாம் கலங்கல்தான். சொல்லப்போனால், கிட்டப்பார்வைக்காரனுக்கு 5 டயாப்டர் லாபம். வாழ்க்கையில் என் கண்ணுக்குக் கிடைத்த ஒரே சலுகை. (தாய்லாந்துக் கடலோர மோக்கன் குழந்தைகள் மட்டும் கண்மணியைச் சுருக்கித் தண்ணீருக்குள் இரு மடங்குக்கு மேல் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று 2003-இல் அன்னா கிஸ்லென் குழுவினர் எழுதினார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை.)

கண்ணாடிக்கு வேலை கரையிலேயே தொடங்கிவிடுகிறது. பத்து நிமிடம் சும்மா நின்று பார்க்கச் சொன்னான். பெரிய அலைகள் கூட்டமாக வருகின்றன, பிறகு கொஞ்சம் அடங்குகின்றன. அந்த அடங்கலைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை, துடுப்பெல்லாம் அப்புறம்.

கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது அலையைப் பக்கவாட்டில் வாங்கி, படகு கவிழ்ந்து, காதெல்லாம் மணல். உள்ளே பச்சையாய் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மேலே வந்தபோது கண்ணாடி தாடையில் தொங்கியது. மாட்டினால் லென்ஸ் முழுக்கத் துளிகள், துளிக்கொரு கோவளம். சட்டை நுனியால் துடைக்கப் போனேன்.

"துடைக்காதீங்க சார், மணல் கீறிடும். நக்குங்க!"

நக்கினேன். உப்பு. எச்சில் பட்டதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய படலமாய் வழிந்து இறங்கின. கவிழ்ந்த படகு தெரிந்தது, அதைப் பிடித்திருந்த தம்பியின் சிரிப்பு தெரிந்தது, அவன் முதுகுக்குப் பின்னால் எழும்பிக்கொண்டிருந்த அடுத்த அலையும் நுரை நுரையாகத் தெரிந்தது. ஏறி உட்கார நேரமில்லை. ஒரு கையால் கயிற்றை இறுக்கிக்கொண்டு மூச்சை இழுத்தேன்.