ஆமாவும் சாச்சலாக்காவும்: வழிகாட்டியின் சொல் அறிவாகும் விதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் வழிகாட்டியோடு நடக்கும் பறவை உலாக்கள் அறிவு பெறும் வழிகளை ஆராயும் அளவையியலின் பழைய கேள்வி ஒன்றைக் கிளப்புகின்றன. பச்சை ஜே, கிஸ்கடி, சாச்சலாக்கா முதலிய பறவைகள் மெக்சிகோவில் பரவலாக இருப்பவை. அமெரிக்காவுக்குள் பெரும்பாலும் தென் டெக்சஸோடு நின்றுவிடுபவை. அவற்றைக் காணவே வடமாநிலத்தார் வருகிறார்கள். 1943இல் அமைந்த சான்டா ஆனா சரணாலயத்திலும், 1994 முதல் ஹார்லிங்கன் நகரில் நடக்கும் நவம்பர் மாதப் பறவை விழாவிலும் கூட்டம் சேர்வது இதனால்தான். புதிதாக வந்தவர் கிளையில் ஒரு பறவையைப் பார்க்கிறார். வழிகாட்டி அதன் பெயரைச் சொல்கிறார். “இது சாச்சலாக்கா” என்று வந்தவர் அறிந்தது கண்ணாலா, பிறர் வாக்காலா?

சார்வாகர் காட்சி ஒன்றையே அளவையாக ஏற்பவர்கள். அவர்கள் வழி சென்றால் பறவையின் நிறமும் வடிவும் கிடைக்கும், பெயர் கிடைக்காது. சாங்கியர் காட்சி, அனுமானம், உரை என மூன்று கொள்வதால் பெயரை உரையின் கணக்கில் வைத்துவிடலாம். நியாயவாதிகள் உவமத்தை நான்காவது அளவையாகச் சேர்த்தார்கள். அவர்கள் தரும் எடுத்துக்காட்டு கவயம் என்னும் ஆமா. நகரத்தான் ஒருவனிடம் காட்டுவாசி, “கவயம் பசுவைப் போல இருக்கும்” என்கிறான். பின்னர் நகரத்தான் தனியே காட்டுக்குப் போய், பசுவை ஒத்த விலங்கைக் கண்டு, கேட்டதை நினைவுகூர்ந்து, “கவயம் என்றது இதைத்தான்” என்று தெளிகிறான். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையும் உவம அளவைக்குக் கவயத்தையே காட்டுகிறது.

இதற்கு எதிர்ப்பு உண்டு. வைசேடிகர் இதை அனுமானத்தில் அடக்கினார்கள். பௌத்தரான திங்நாகர் தனி அளவையாக ஏற்கவில்லை. மீமாம்சகர் உவமத்தை ஏற்றாலும் பொருளைத் திருப்பிவிட்டார்கள்: காட்டில் கவயத்தைக் கண்டவனுக்கு, வீட்டில் விட்டுவந்த பசு இதைப் போன்றது என்னும் அறிவு பிறப்பதே அவர்களுக்கு உவமம்.

பள்ளத்தாக்கின் நடைமுறை நியாயவாதிகள் பக்கமே சாய்கிறது. ஒல்லியான, நீண்ட வாலுள்ள பழுப்புக் கோழி போல இருக்கும், ஆனால் மரக்கிளையில் நடமாடும் என்று வண்டியிலேயே சொல்லிவைக்கும் வழிகாட்டி, காட்டுவாசியின் வேலையைச் செய்கிறார். பறவை தென்பட்டதும் வந்தவர் தாமே பெயரைச் சொன்னால், அது வெறும் காட்சியும் அன்று, வெறும் உரையும் அன்று. கைநீட்டிப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்கு நகரும் வழிகாட்டியிடம் கிடைப்பது உரை மட்டுமே. வந்தவரின் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரிதான், அறிவு ஒன்றல்ல. (பட்டியலை நீட்டவே வருபவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை என்பது வேறு கதை.)

ஒப்புமை மட்டும் போதாத இடமும் உண்டு. பிற்கால நியாய ஆசிரியர்கள் வேறுபாட்டாலும் உவமம் நிகழும் என்றார்கள். ஒட்டகத்தின் கோணல் கழுத்தையும் முள் தின்னும் பழக்கத்தையும் வடநாட்டான் ஏளனம் செய்யக் கேட்ட தென்னாட்டான், பின்பு வடக்கே போய் அதைக் கண்டு அடையாளம் கொள்கிறான். ரோஜர் டோரி பீட்டர்சன் 1934இல் வெளியிட்ட கையேடும் ஒத்த பறவைகளைப் பிரித்தறியும் குறிகளைக் கோடிட்டுக் காட்டியே பெயர்பெற்றது.

வேறுபாடும் கண்ணுக்கு எட்டாதபோது சிக்கல் முற்றுகிறது. இப்பள்ளத்தாக்கின் மின்கம்பிகளில் அமரும் டிராப்பிகல் கிங்பேர்டும் கூச்ஸ் கிங்பேர்டும் மஞ்சள் வயிறும் சாம்பல் தலையுமாக ஏறக்குறைய ஒன்றே. குரல்தான் நம்பகமான அடையாளம். 1980களுக்கு முன் பறவையியலாளர்களே இரண்டையும் ஓரினமாகக் கொண்டிருந்தார்கள். அக்காலத்தில் பார்த்தவர்களின் கண்ணில் குறையில்லை, கேட்டிருந்த சொல்லில்தான் பிரிவு இல்லை. காட்சி தனித்து நின்று அறிவாவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

வாய் திறக்காத கிங்பேர்டின் முன் நேர்மையான வழிகாட்டி பெயர் சொல்வதில்லை. கட்டையோ மனிதனோ என்று தடுமாறும் நிலையை நியாய நூல் ஐயம் என்று வகுத்து, தன் பதினாறு பதார்த்தங்களில் மூன்றாவதாக வைத்தது. பறவை நோக்கர்கள் பதிவிடும் ஈபேர்ட் தளத்திலும் இவ்விரு கிங்பேர்டுகளில் ஏதோ ஒன்று என்று குறிக்கத் தனிப் பதிவு உண்டு.