வயிற்றுவலி என்று வந்த சிறுவன்



கல்லூரியில் படிக்கும் தம் மகன் வாங்கி வந்த ஓர் ஆங்கில நாவலைப் பற்றி வெள்ளவத்தையைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இயன் மக்குவைர் 2016இல் எழுதிய ‘த நோர்த் வோட்டர்’ என்பது நூலின் பெயர். 2021இல் பி.பி.சி. அதைத் தொலைக்காட்சித் தொடராகவும் காட்டியது. கொலையும் குடியும் கெட்ட வார்த்தையும் நிறைந்த இப்புத்தகம் செபமாலை சொல்லும் வீட்டில் இருக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

திருச்சபை 1559ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 1966இல் அதன் சட்ட வலு நீக்கப்பட்டது. அன்று முதல் இந்தத் தீர்ப்பு அவரவர் மனச்சான்றிடமும் பெற்றோரின் விவேகத்திடமும் விடப்பட்டிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் நான் இந்நூலைக் கொடுக்க மாட்டேன். ஆனால் இருளைப் பற்றிப் பேசுகிறது என்பதற்காக ஒரு நூலைத் தள்ளுவதானால், நீதித்தலைவர்கள் ஆகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தையும் நாம் கிழித்துவிட வேண்டியிருக்கும். தாவீது அரசர் பாவம் செய்து மறைத்தபோது நாத்தான் இறைவாக்கினர் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு கதை சொன்னார். யாரோ ஒருவனுடைய அநியாயம் என்று நினைத்துக் கொதித்தெழுந்த பிறகுதான் அது தம்முடைய கதை என்று அரசருக்குத் தெரிந்தது.

கதை 1859ஆம் ஆண்டில் நடக்கிறது. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து ‘வொலன்ரியர்’ என்ற கப்பல் வடதுருவக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் புறப்படுகிறது. திமிங்கிலத்தின் கொழுப்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில்தான் அக்காலத்து ஐரோப்பாவின் விளக்குகள் பல எரிந்தன. அதன் வாய்த் தகடுகள் சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைகளுக்குப் போயின. ஆனால் அந்தத் தொழிலுக்கு அந்திம காலம் நெருங்கிவிட்டது. அதே 1859இல்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மண்ணெண்ணெய்க்கு மூலமான எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டது. கப்பலின் முதலாளி இதை உணர்ந்தவர். கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்துக் காப்புறுதிப் பணம் பெறுவது அவருடைய திட்டம். மாலுமிகளுக்கு இது தெரியாது. (இன்று எங்கள் மிரிஸ்ஸவிலும் திருகோணமலையிலும் திமிங்கிலங்களைப் பார்த்து மகிழவே மக்கள் படகேறுகிறார்கள். இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.)

கப்பலின் வைத்தியர் பற்றிக் சம்னர் ஓர் அயர்லாந்துக்காரர். 1857இல் டில்லி முற்றுகையின்போது ஆங்கிலேயப் படையில் பணியாற்றி, அங்கே நடந்த கொள்ளையில் சிக்கி அவமானத்தோடு வெளியேறியவர். அபினி கலந்த மருந்துக்கு அடிமையானவர். அவரிடம் கப்பல் எடுபிடிச் சிறுவன் ஒருவன் வயிற்றுவலி என்று வருகிறான். சோதித்துப் பார்த்த வைத்தியருக்கு அது வயிற்றுவலி அல்ல என்று தெரிகிறது. கப்பலில் யாரோ ஒருவன் அச்சிறுவனைக் கொடுமையாகக் கெடுத்திருக்கிறான். யார் என்று கேட்டால் பையன் வாய் திறப்பதில்லை. சில நாட்களில் அவன் பிணமாகக் கண்டெடுக்கப்படுகிறான்.

இதற்குப் பிறகு நடப்பதைத்தான் நான் இருமுறை வாசித்தேன். கப்பலில் தச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆண்களை நாடுபவர் என்று முன்பே பேச்சு இருந்தது. ஆகவே குற்றவாளி அவர்தான் என்று தலைவரும் மற்றவர்களும் மிக இலகுவாக நம்பிவிடுகிறார்கள். அவருக்கு எதிராகச் சாட்சி சொல்பவன் திறமை மிக்க எறியீட்டிக்காரன் ஹென்றி ட்றக்ஸ். கொலைகாரனே அவன்தான். வைத்தியர் விடாமல் தேடுகிறார். ட்றக்ஸின் கைக் காயத்துக்குள் அந்தச் சிறுவனின் பல் ஒன்று புதைந்திருப்பதைக் கண்டெடுக்கிறார். உயிரோடு இருந்தபோது பையன் சொல்லாததை அந்தப் பல் சொல்லிற்று.

பெற்றோரே, இது பனிக்கடலில் மட்டும் நடப்பதா? பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை, ரியூசன் வகுப்பு நாளில் மாத்திரம் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளை, குறிப்பிட்ட ஒரு மாமா வந்தால் அறைக்குள் ஒளியும் பிள்ளை எங்கள் கொட்டாஞ்சேனைத் தொடர்வீடுகளிலும் இல்லையா? ‘கள்ளம் போடுகிறான்’ என்று நாம் அதட்டி அனுப்புகிறோம். பிள்ளை துணிந்து ஒரு பெயரைச் சொன்னாலோ, ‘அவர் அப்படிப்பட்டவர் அல்ல, வாயை மூடு’ என்கிறோம். குடும்ப மானம், தங்கையின் கல்யாணம், அயலாரின் நாக்கு என்று எத்தனையோ காரணங்கள் நமக்கு உண்டு. கப்பல் தலைவரும் கெட்டவர் அல்ல. தமக்கு வசதியான பதிலை ஏற்றுக்கொண்டவர், அவ்வளவுதான்.

ஒரு குருவானவனாகிய நான் இதைப் பெற்றோரிடம் மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. உலகின் பல நாடுகளில் திருச்சபையின் மேய்ப்பர்களே அந்தக் கப்பல் தலைவரைப்போல நடந்துகொண்டார்கள். சிறுவர்களைக் கெடுத்த குருக்களைப் பங்குக்குப் பங்கு மாற்றினார்கள். நிறுவனத்தின் பெயரைக் காத்து, பிள்ளையைக் கைவிட்டார்கள். சின்னஞ்சிறியோருக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்று சொன்ன ஆண்டவரின் பெயரால் இது நடந்தது. 2019 மே மாதத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், இத்தகைய குற்றத்தை அறியவரும் குருக்களும் துறவிகளும் அதை முறைப்படி அறிவித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. எங்கள் நாட்டில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. சமையலறைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் அந்த நான்கு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கட்டும். பங்கு அலுவலகத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும்.

நூலின் பிற்பகுதியில், பனிவெளியில் தனித்துப்போன சம்னர் தாம் கொன்ற ஒரு பனிக்கரடியின் உடலுக்குள் புகுந்து உயிர்தப்புகிறார். ஆசிரியர் நினைத்தாரோ இல்லையோ, எனக்கு யோனாதான் நினைவுக்கு வந்தார். மீனின் வயிற்றிலிருந்து வெளிப்பட்ட யோனா நினிவேக்குப் போனார். சம்னர் எங்கே போனார் என்பதை வாசிப்பவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஆங்கிலம் வாசிக்க இயலாதவர்களுக்கும், வாசித்துவிட்டு மனம் கனத்துப்போனவர்களுக்கும் தமிழில் ஒரு கடல் நாவலைச் சொல்ல விரும்புகிறேன். உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ் 2004இல் வெளியிட்ட ‘ஆழி சூழ் உலகு’. புனித சவேரியார் 1542இல் வந்திறங்கிய முத்துக்குளித்துறைக் கரையின் கத்தோலிக்கப் பரதவர்களைப் பற்றியது. கொழும்பிலுள்ள எங்கள் பரத குலக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பூட்டன் பாட்டியின் ஊர்க் கதை. அதிலும் காமம், பகை, கொலை எல்லாம் இருக்கின்றன. ஆசிரியர் தம் மக்களுக்கு வெள்ளையடிக்கவில்லை. ஆனால் அங்கே கட்டுமரம் சிதைந்து மூவர் நாட்கணக்காய் நடுக்கடலில் தவிக்கிறார்கள். மூன்று தலைமுறைக்காரர்கள். அவர்களுள் சூசை என்பவர் பாவம் செய்தவர், அதை அறிந்தும் இருப்பவர். பற்றிக்கொள்ள இருப்பது எல்லாருக்கும் போதாது. மூத்தவர் கோத்திராப்பிள்ளை முதலில் கையை விடுகிறார். பின்னர் சூசையும். கரைசேர்வது இளையவன் சிலுவை.