உலகமயமும் உவர்ப்பின்மையும்

"தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே! வந்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன?"

இவ்வினாவைக் கேளாத தமிழ்ச் சமணர் சென்னை நகரில் அரியர். பெயரோடு 'ஜெயின்' என்ற சொல் சேர்ந்திருக்கக் கண்டதும், கேட்பவர் உள்ளத்தில் அடகுக் கடையும் வடநாட்டுச் சேட்டும் தோன்றிவிடுகின்றனர். வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செய்யாறு வட்டாரத்துச் சிற்றூர்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்து நெல் விளைத்த குடிகள் நாம் என்பதையும், சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர் நம் சமயத்தவர் என்பதையும் எடுத்துரைத்து முடிப்பதற்குள் பேருந்து வந்துவிடும். 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுள் சமணர், வடபுலத்தாரையும் சேர்த்தே, 89,265 பேர். இத்தனை சிறிய தொகையினரைப் பிறர் அறியாதிருப்பதில் பெரு வியப்பில்லை. ஆயினும் சொந்த மண்ணிலேயே விருந்தினராகக் கருதப்படுவது நெஞ்சில் தைக்கத்தான் செய்கிறது.

இனி நான் சொல்லப்போவது என்னைப் பற்றியது. என் வீட்டிற்கு அடுத்த தெருவில் இராஜஸ்தானத்துச் சமணக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அவ்வீட்டு அம்மையார் கீரைக்காரியிடம் பேரம் பேசுவதை ஒருநாள் கேட்ட நான், "நன்றாகத் தமிழ் பேசுகிறீர்களே, வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின?" என்று வினவினேன். "நான் பிறந்ததே சௌகார்பேட்டையில்தானே, ஐயா" என்றார் அவர். பிறர் என்னைக் கேட்டபோது பொறாத அதே வினா என் வாயிலிருந்து எத்துணை இயல்பாக வந்தது! அதுமட்டுமன்று. "நான் சேட்டு அல்லன், தமிழன்" என்று பிறரிடம் திருத்திக் கூறும்போதெல்லாம் என் குரலில் ஏறும் அழுத்தம் உண்மையை நிலைநாட்டும் அழுத்தம் மட்டும்தானா, 'அவரோடு என்னைச் சேர்க்காதீர்' என்னும் இகழ்ச்சியும் அதில் கலந்துள்ளதா என்று அன்று முதல் ஐயுறத் தொடங்கினேன்.

இழிவு செய்யப்பட்டவன் பிறரை இழிவாகக் கருதும் குற்றத்திலிருந்து தானாகவே நீங்கிவிடுகிறானா? இதுவே ஈண்டு ஆராயத்தக்க வினா.

தன் ஊரில் தன் பிழை தனக்குத் தெரிவதில்லை. ஆதலின் கடல் கடந்து வாழ்ந்த நம் சமயத்தார் சிலரின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1991க்குப் பிறகு நம் நாட்டின் வாயில்கள் அகலத் திறந்தபோது உலகமயம் என்னும் சொல் நம் காதில் விழுந்தது. அச்சொல் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே அதன் நன்மை தீமை இரண்டையும் நுகர்ந்தவர்கள் கிழக்கு ஆப்பிரிக்கா சென்ற இந்தியர்.

மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிவரை ஆங்கில அரசு 1896 முதல் 1901 வரை அமைத்த இருப்புப்பாதைக்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ 2,500 பேர் அப்பணியில் மாண்டனர். எஞ்சியோருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பினர். அவர்கள் அமைத்த பாதையின் வழியே பின்னர் உட்புகுந்தோர் குஜராத்தி வணிகர். காட்டோரத்துச் சிற்றூர்களிலும் அவர்கள் கடை திறந்தனர். உப்பு, துணி, விளக்கெண்ணெய் ஆகியவற்றை விற்றனர். பருத்தியைக் கொள்முதல் செய்தனர். நம் 'துகான்' என்ற சொல்லே சுவாஹிலி மொழியில் 'டுக்கா' ஆயிற்று. ஜாம்நகர்ப் பகுதியின் ஓஸ்வால் சமணர் பலர் இவ்வாறே சென்று, குறிப்பாகக் கென்யாவில், நிலைபெற்றனர். உழைப்பாலும் சிக்கனத்தாலும் உயர்ந்தனர். இதில் பழிக்க ஒன்றுமில்லை. போற்றவே நிரம்ப உண்டு.

ஆனால் அந்நாடுகளில் மூன்று படிகள் இருந்தன. மேற்படியில் வெள்ளையர், நடுப்படியில் இந்தியர், கீழ்ப்படியில் மண்ணின் மக்களாகிய கறுப்பர். பள்ளி வேறு, மருத்துவமனை வேறு, குடியிருப்பு வேறு. இப்படிகளைக் கட்டியவர் ஆங்கிலேயர் என்பது மெய். எனினும் நடுப்படியில் நின்றோர் மேலே நோக்கி 'எமக்கு நீதி இல்லை' என்று முறையிட்ட அளவுக்குக் கீழே நோக்கி வருந்தினரா? மூன்று தலைமுறை வாழ்ந்தும், கறுப்பரைப் பெரும்பாலும் வேலையாளாகவும் கடைக்கு வருவோராகவும் மட்டுமே அறிந்திருந்தனர். உடனமர்ந்து உண்ணும் நண்பராக அறிந்தவர் சிலரே. விதிவிலக்கானோர் இருந்தனர். ஆப்பிரிக்கரின் விடுதலைக்காகச் சிறை சென்ற இந்தியரும் உண்டு. ஆயினும் பொதுநிலை இதுவே. 1959இல் உகாண்டாவின் புகாண்டா பகுதியில் இந்தியர் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தபோது, அதில் பொறாமையோடு நெடுநாள் அவமதிப்பின் குமுறலும் இருந்தது என்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1972 ஆகஸ்டில் அந்நாட்டின் சர்வாதிகாரி இடி அமீன், ஆசியர் தொண்ணூறு நாட்களுக்குள் வெளியேற வேண்டும் என ஆணையிட்டார். இறைவன் கனவில் கட்டளையிட்டதாகவும் கூறிக்கொண்டார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு, கடை, ஆலை யாவற்றையும் விட்டு, குடும்பத்திற்குச் சுமார் ஐம்பது பவுண்டு பணத்தோடு விமானமேறினர். இது கொடுமையே. அவர்களிடம் பிழை இருந்தது என்பதனால் அமீன் செய்தது நீதியாகிவிடாது. ஒருவன் செருக்குற்றிருந்தான் என்பது அவன் வீட்டைப் பறிப்பதற்கு உரிமை தராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இவ்வரலாற்றை எடுத்துரைப்போரில் ஒரு சாரார் அமீனின் கொடுமையை மட்டும் கூறுவர். மற்றொரு சாரார் இந்தியரின் செருக்கை மட்டும் கூறுவர். இரண்டும் மெய், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறைப்பதே ஏகாந்தம்.

ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் சேர்ந்தனர். அங்குள்ள லெஸ்டர் நகரத்தின் ஆட்சி மன்றம் அதே ஆண்டு செப்டம்பரில் உகாண்டா நாளிதழில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. எங்கள் ஊரில் வீடும் பள்ளியும் நிரம்பிவிட்டன, உங்கள் நலன் கருதி இங்கு வராதீர்கள் என்பது அதன் கருத்து. நேற்றுவரை பிறரைக் கீழ்ப்படியில் நிறுத்தியவர்கள் இன்று தாமே கீழ்ப்படியில் நின்றனர். விளம்பரம் தடுத்தும் ஆயிரக்கணக்கானோர் லெஸ்டருக்கே சென்றனர். சிலர் விளம்பரத்தைக் கண்ட பின்னரே அப்படி ஓர் ஊர் உண்டென அறிந்தனர் என்றும் வேடிக்கையாகக் கூறுவர். 1974இல் அந்நகரின் தட்டச்சுப் பொறி ஆலையில் ஆசியத் தொழிலாளர் ஊக்கத் தொகையில் தமக்கு இழைக்கப்பட்ட வேறுபாட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, தொழிற்சங்கமே அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. குடியேறியோரை விரட்ட வேண்டும் என்ற கட்சி 1976 நகரத் தேர்தலில் கணிசமாக வாக்குப் பெற்றது.

அந்நகரில், ஆக்ஸ்போர்டு தெருவில், 1988இல் ஜினபிம்பப் பிரதிஷ்டை நடைபெற்றது. கைவிடப்பட்ட பழைய கிறித்துவத் தேவாலயம் ஒன்றை விலைக்கு வாங்கி, முகப்பில் வெண்பளிங்கு பதித்து, இந்தியாவில் செதுக்கிய தூண்களைக் கொணர்ந்து நிறுத்திக் கட்டிய ஜினாலயம் அது. தேவாலயத்தில் இருந்ததைப் போன்ற வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அங்கும் உண்டு. ஆனால் அவை காட்டுவது வர்த்தமான சுவாமியின் வரலாற்றை. சுவேதாம்பரருக்கும் திகம்பரருக்கும் தனித்தனிச் சன்னிதிகள், ஸ்தானகவாசியருக்கு இடம், ஸ்ரீமத் ராஜசந்திரரைப் போற்றுவோருக்கு ஓர் அறை, யாவும் ஒரே கூரையின் கீழ்.

இவ்வமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகாராஷ்டிரத்துச் சிர்பூர் அந்தரீக்ஷ பார்சுவநாதர் ஆலயம் நினைவுக்கு வரும். இருபிரிவினர் வழக்கால் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்து, உச்ச நீதிமன்ற ஆணைக்குப் பின் 2023இல் அது திறக்கப்பட்டது. திறந்த சில நாட்களிலேயே கைகலப்பும் நேர்ந்தது. தாயகத்தில் ஒரு பிம்பத்தின் முன் சேர்ந்து நிற்க இயலாதவர்கள் அயலகத்தில் ஒரே வாயிலில் நுழைகின்றனர். எண்ணிக்கைக் குறைவும் பொருள் நெருக்கடியும் அவர்களைச் சேர்த்தன என்பர் சிலர். இருக்கட்டும். வந்த வழி எதுவாயினும் வந்த இடம் நல்ல இடமே.

அந்நகரின் கதை அங்கே இனிதாக முடிந்ததா எனில், இல்லை. 2021 கணக்கெடுப்பில் லெஸ்டரில் ஆசியர் 43 விழுக்காடும் வெள்ளையர் 41 விழுக்காடும் இருந்தனர். அடுத்த ஆண்டிலேயே, கிரிக்கெட் போட்டி ஒன்றை அடுத்து எழுந்த பூசலில், அங்கு வாழும் இந்து இளைஞரும் இஸ்லாமிய இளைஞரும் தெருக்களில் எதிரெதிரே திரண்டனர். அவர்களுள் பலரின் பாட்டன்மார் வெள்ளையரின் இகழ்ச்சியை ஒருங்கே சுமந்தவர்கள். பட்ட துன்பம் பேரர்களுக்குப் பாடமாக இறங்கவில்லை. பகை மட்டும் விமானமேறியும் வந்தது, கைப்பேசி வழியாகவும் வந்தது.

இனி நம் நூல்களுக்கு வருவோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அறிவு, பூசனை, குலம், ஜாதி, வலிமை, செல்வம், தவம், உடல் என எட்டைப் பற்றி எழும் செருக்கை எண்வகை மதம் என்கிறார். அவற்றுள் குலமும் ஜாதியும் இடம்பெறுவதைப் பலமுறை ஓதியிருக்கிறோம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவது நிர்விசிகித்சை, தமிழில் உவர்ப்பின்மை. முனிவரின் உடல் அழுக்கைக் கண்டு அருவருக்காமை என்றே உரையாசிரியர் இதனை விளக்குவர். முனிவர் கையிலேயே வாந்தியெடுத்தும் முகம் சுளியாது துடைத்த உத்தாயண மன்னனை எடுத்துக்காட்டுவர். இவ்வங்கத்தை எல்லா மனிதர்மேலும் விரிப்பது மிகை எனப் பெரியோர் சிலர் கருதலாம். ஆனால் அஹிம்சை அணுவிரதத்திற்கு அதே நூல் யாரைச் சான்றாகக் காட்டுகிறது? அரசனையோ வணிகனையோ அன்று, ஒரு மாதங்கனை. யமபாலன் என்னும் அவன் கொலைத் தண்டனையை நிறைவேற்றும் தொழிலினன். சதுர்த்தசி நாளில் கொல்லேன் என்று ஏற்ற ஒரே விரதத்தை உயிருக்கு அஞ்சாது காத்தவன்.

அநேகாந்தவாதத்தை நாம் மேடைதோறும் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். பிறர் கொள்கையில் ஓர் அமிசம் உண்மை என ஏற்பது ஒப்பு நோக்கில் எளிது. கொள்கைக்கு உடலும் இல்லை, அடுப்பும் இல்லை. அக்கொள்கையுடைய மனிதனை அடுத்த அறையில் வைத்துக்கொள்வதே அரிது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மாடிப்பகுதியை வாடகைக்கு விட எண்ணினேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்து பார்த்தார். "நீங்கள் சைவம்தானே?" என்றேன். புலாலுண்ணாமைக்கு மற்றொரு சமயத்தின் பெயரை நாமே சொல்லிக் கேட்கும் வழக்கம் எப்படி வந்ததோ! அவர் மறைக்கவில்லை. "இல்லை ஐயா, உண்பதுண்டு. ஆனால் உங்கள் வீட்டில் சமைக்க மாட்டோம், வாங்கி வரவும் மாட்டோம்" என்றார். சற்று யோசித்து, "வேறொருவருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன்" என்று கூறி அனுப்பிவிட்டேன்.

என் வீட்டில் கொலையுணவு புகலாகாது என்பது என் விரதம். அதனைக் காக்க எனக்கு உரிமை உண்டு என்று இன்றும் கருதுகிறேன். அதற்காக எவரிடமும் மன்னிப்புக் கோர வேண்டியதில்லை. ஆனால் அவர் அவ்விரதத்தைக் காத்துத் தருவதாக வாக்களித்த பின்னரும் மறுத்தேனே, அம்மறுப்பு எவ்விரதத்தைச் சார்ந்தது? பொய் வேறு சொன்னேன். சத்திய அணுவிரதம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை. எனக்கு நேரே நின்றது அவருடைய உணவன்று, அவர் பிறந்த குடியைப் பற்றிய என் ஊகமே. மாடியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அச்சிறுமி, "அப்பா, இங்கேயே இருக்கலாம், காற்று வருகிறது" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது, என் மனைவியின் காதிலும் விழுந்தது.

அன்றிரவு என் மனைவி கேட்டாள்: "அவர் தம் சொல்லைக் காக்க மாட்டார் என்று உங்களுக்கு எதனால் தோன்றிற்று?"

மாடிப்பகுதி மூன்று மாதங்கள் பூட்டியே கிடந்தது. அவள் கேட்டதற்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை.